ஒளியை முந்த நினைத்த ஆசிரியர்



"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. கைக்கு எட்டாத ஒன்றை விரும்புகிறவனைப் பார்த்துச் சொல்லும் பழமொழி அது. எட்டாததற்கு ஆசைப்படுவதே தவறா? அல்லது, ஆசைப்பட்ட பிறகு நாம் செய்யும் செயலில்தான் சரியும் தவறும் இருக்கின்றனவா? இதை ஒரு மனிதரின் வரலாற்றைக் கொண்டு இன்று சிந்திப்போம். அதற்கு முன், நம் தோட்டப் பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வரைந்து நம்மிடம் கொண்டுவந்தான். பெரிய ராக்கெட் ஒன்று. அதன் மூக்கின்மேல் சிறிய ராக்கெட் ஒன்று. அதன் மூக்கின்மேல் இன்னும் சிறியது ஒன்று.

"ஐயா, முதல் ராக்கெட் ஒளியோட வேகத்துல பாதி வேகம் போகுது. அதுமேல இருந்து ரெண்டாவது கிளம்பி இன்னொரு பாதி வேகம் போகுது. மூணாவது இன்னொரு பாதி. மொத்தம் ஒன்றரை. அப்போ ஒளியை முந்திடலாம்தானே, ஐயா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். "முதல்ல சோதனைக்குப் படி, தம்பி. ஒளியை அப்புறம் முந்தலாம்" என்றோம். அவன் புத்தகத்தை மூடிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அப்படி ஒரு படத்தை அவன் நம்மிடம் கொண்டுவரவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று அவன் கேள்விக்கு நமக்கு விடை தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடம் நடத்தும் முறையைக் கற்றுவந்த நாம், "தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்" என்று ஒரு மாணவனிடம் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கும் எண்ணத்தோடுதான் இந்த உரையைத் தயாரித்தோம்.

நேயர்களே, ஒளிக்கு வேகம் உண்டு என்பதையே மனிதன் நெடுங்காலம் அறியாதிருந்தான். விளக்கை ஏற்றியவுடன் அறை முழுவதும் வெளிச்சம் பரவிவிடுகிறது. ஆகவே ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்ல நேரமே ஆவதில்லை என்றே அறிஞர் பலரும் நம்பினர். இத்தாலி நாட்டின் கலிலியோ, தொலைவில் நிற்கும் இருவர் மாறி மாறி விளக்கின் மூடியைத் திறந்து பார்த்தால் ஒளியின் வேகத்தை அளக்கலாமே என்று எண்ணினார். ஆனால் மனிதக் கை மூடியைத் திறப்பதற்குள் ஒளி போய்த் திரும்பிவிடும். அந்த முறையால் அளக்க முடியவில்லை.

1676-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பணியாற்றிய ஓலே ரோமர் என்ற டென்மார்க்கு அறிஞர் வானத்தையே கடிகாரமாகக் கொண்டார். வியாழன் என்னும் கோளைச் சுற்றிவரும் நிலவுகளில் ஒன்று, குறித்த கால இடைவெளியில் வியாழனின் நிழலுக்குள் சென்று மறைந்து வெளிவருகிறது. நம் பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் இந்த நிகழ்ச்சி கணக்கிட்ட நேரத்தைவிடச் சற்றுப் பிந்தியே தெரிவதை ரோமர் கண்டார். அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அந்நிலவு 10 நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அவ்வாறே நடந்தது. ஒளி அதிகத் தூரத்தைக் கடந்து வரவேண்டியிருந்ததே தாமதத்திற்குக் காரணம். ஒளிக்கு வேகம் உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் என்பதை இன்று நாம் அறிவோம். ஒரு நொடியில் இந்த உலகத்தை ஏழரை முறை சுற்றிவரக்கூடிய வேகம் அது. அப்படிப்பட்ட ஒளியே கதிரவனிலிருந்து நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 நொடி எடுத்துக்கொள்கிறது. கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனிலிருந்து வர 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1977-ஆம் ஆண்டு அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் 1 என்ற விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் அந்த விண்மீனை எட்ட வேண்டுமானால் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். மனிதன் விண்மீன்களை எட்ட ஆசைப்பட்டால் ஒளியை முந்தவேண்டும் என்ற எண்ணம் ஏன் எழுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நம் மாணவனின் ஆசை பைத்தியக்கார ஆசை அன்று.

இப்படி ஆசைப்பட்டவர்களில் பலர் பல்கலைக்கழகப் படியேறாதவர்கள். தம் வீட்டு மேசையில் தாமே படித்து, தாமே கணக்குப் போட்டவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயர் வரலாற்றில் நிலைத்து நிற்கிறது. அவர் இரஷிய நாட்டுப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி.

சியோல்கோவ்ஸ்கி 1857-ஆம் ஆண்டு இரஷியாவில் ரியாசான் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். பத்து வயதளவில் கடுமையான காய்ச்சல் கண்டு, காது கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தார். வகுப்பில் ஆசிரியர் சொல்வது அவர் காதில் விழவில்லை. பள்ளிப் படிப்பு நின்றது. பதின்மூன்றாம் வயதில் தாயையும் இழந்தார். காது கேளாத, பள்ளிக்குப் போகாத, தாயில்லாப் பிள்ளை. அக்கம்பக்கத்தார் அவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அவருடைய தந்தை வேறுவிதமாக எண்ணினார். வீட்டிலிருந்த நூல்களைப் படித்துத் தானே கருவிகள் செய்து பார்க்கும் மகனை, 16-ஆம் வயதில் மாஸ்கோ நகருக்கு அனுப்பினார். கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பொது நூலகத்தின் கதவு மட்டும் திறந்திருந்தது. மூன்று ஆண்டுகள் அந்த நூலகமே அவருக்குப் பள்ளியும் கல்லூரியுமாக இருந்தது. தந்தை மாதந்தோறும் அனுப்பிய சிறு தொகையில் பெரும்பகுதி நூல்களுக்கும் சோதனைப் பொருள்களுக்கும் போயிற்று. மூன்று நாளைக்கு ஒருமுறை 9 கோபெக்குக் காசுக்குக் கறுப்பு ரொட்டி வாங்கி, அதையும் தண்ணீரையும் கொண்டே காலம் கழித்தார்.

இங்கேதான், நேயர்களே, நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று நடக்கிறது.

அந்த இளைஞருக்கு ஒரு நாள் ஒரு யோசனை தோன்றியது. மூடிய பெட்டி ஒன்று. அதற்குள் தலைகீழாக நிறுத்திய இரண்டு ஊசல்கள். அவற்றின் நுனியில் குண்டுகள். குண்டுகள் வளைவாக ஆடும்போது வெளிநோக்கி இழுக்கும் விசை, பெட்டியை மேலே தூக்கிவிடாதா? அப்படியானால் அந்தப் பெட்டியில் ஏறி விண்ணுக்கே போய்விடலாமே! மகிழ்ச்சியில் அவருக்கு உறக்கம் வரவில்லை. தம் கண்டுபிடிப்பு உலகத்தை எப்படி மாற்றப்போகிறது என்று எண்ணி எண்ணி, இரவு முழுவதும் மாஸ்கோ வீதிகளில் நடந்துகொண்டே இருந்தார்.

நடந்தவர் சிந்திப்பதையும் நிறுத்தவில்லை. பொழுது விடிவதற்குள் அவருக்கே உண்மை புலப்பட்டுவிட்டது. பெட்டி குலுங்கும். ஆனால் எழும்பாது. கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு அதே கூடையின் பிடியைப் பற்றித் தூக்கினால் கூடை எழும்புமா? அதுபோலத்தான் இதுவும். உள்ளுக்குள்ளேயே இழுக்கும் விசை எத்தனை பெரிதானாலும் பெட்டியின் எடையை எள்ளளவும் குறைக்காது. இரவில் எவ்வளவு மகிழ்ச்சியோ, விடியலில் அவ்வளவு ஏமாற்றம். அந்த இயந்திரத்தில் ஏறி விண்மீன்களை நோக்கிப் பறப்பதாக, 30 ஆண்டுகளுக்குப் பின்னும் தமக்குக் கனவு வந்ததுண்டு என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

எண்ணிப் பாருங்கள். அவருடைய தவற்றை எடுத்துச் சொல்ல அங்கே பேராசிரியர் இல்லை, நண்பரும் இல்லை. தம் ஆசைக்கு எதிராகத் தாமே கணக்குப் போட்டு, தாமே தோற்றார். அந்தத் தோல்வியை ஒளிக்காமலும் சொன்னார். அவர் அறிவியலாளர் ஆனது அந்த விடியற்காலையில்தான் என்பது நம் கருத்து.

பின்னர் அவர் ஊர் திரும்பி, 1879-இல் தனித் தேர்வராக ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினார். மறு ஆண்டு பொரோவ்ஸ்க் என்னும் சிறு நகரில் கணக்கு ஆசிரியரானார். 1892-இல் கலூகா என்னும் ஊருக்கு மாற்றலாகி, வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே இருந்தார். மற்றவர் பேசுவதைக் கேட்பதற்குத் தகரத்தால் தாமே ஒரு கேட்குழல் செய்து காதில் வைத்துக்கொள்வார். பகலில் பள்ளி. மாலையில் வீட்டுப் பட்டறை.

பொரோவ்ஸ்கில் இருந்தபோது காற்று முதலிய வாயுக்களின் இயல்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தலைநகரிலிருந்த அறிவியல் சங்கத்திற்கு அனுப்பினார். புகழ்பெற்ற வேதியியலறிஞர் மெண்டெலீவ் அதைப் பார்த்தார். கட்டுரையில் இருந்த உண்மை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. நூலகமில்லாத ஊரில் தனியே படிப்பவருக்கு நேரும் இடர் இதுதான். உலகம் அறிந்த ஒன்றை மீண்டும் ஒருமுறை கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்துவிடுவார். எனினும் அந்தச் சங்கம் அவரை எள்ளி நகையாடவில்லை. அவருடைய திறமையை மதித்து ஊக்கம் தந்தது. அவரும் சினங்கொள்ளாமல் அடுத்த வேலையைத் தொடங்கினார். 1897-இல் தம் வீட்டிலேயே காற்றை வீசச்செய்து பொருள்களைச் சோதிக்கும் கூண்டு ஒன்றைச் செய்தார். இரஷியாவில் அத்தகைய முதல் கருவிகளுள் அதுவும் ஒன்று.

அதே ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் என்று தேதியிட்ட ஒரு தாளில் அவர் ஒரு சூத்திரத்தை எழுதினார். இன்று உலகமெங்கும் ராக்கெட் செய்கிறவர்கள் முதலில் கற்கும் சூத்திரம் அதுவே. அதன் கருத்தை எளிதாக விளக்கிவிடலாம்.

தீபாவளிக்கு நாம் விடும் வாணம் எப்படி மேலே போகிறது? நெருப்பும் புகையும் கீழ்நோக்கிப் பாய்கின்றன. வாணம் மேல்நோக்கிச் செல்கிறது. அசையாமல் நிற்கும் படகில் உட்கார்ந்து கனமான கற்களைப் பின்பக்கம் வீசினால் படகு முன்பக்கம் நகர்கிறதல்லவா? அதே இயல்புதான். பெட்டிக்குள் ஆடிய ஊசல் எதையும் வெளியே வீசவில்லை. ஆகவே பெட்டி எழவில்லை. ராக்கெட் தன் பொருளையே வெளியே வீசுகிறது. ஆகவே எழுகிறது. இளமையில் கண்ட தோல்விக்குள்ளேயே வெற்றியின் விதையும் இருந்தது.

சரி, எவ்வளவு எரிபொருள் வேண்டும்? அதைத்தான் சூத்திரம் சொல்கிறது. வெளியேறும் புகையின் வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ராக்கெட் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 8 கிலோமீட்டர் வேகம் பெறவேண்டுமானால், புறப்படும்போது அதன் எடை கடைசியில் மிஞ்சும் எடையைப்போல் 7 மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். மூன்று மடங்கு வேகத்திற்கு 20 மடங்கு எடை. நான்கு மடங்கு வேகத்திற்கு ஏறத்தாழ 55 மடங்கு எடை! வேகத்தைக் கூட்டக் கூட்ட எரிபொருள் பெருகிக்கொண்டே போகிறது. இது ஆசைக்குக் கடிவாளம் போடும் சூத்திரம். ஆயினும் பூமியை விட்டு வெளியேறத் தேவையான வேகம் இந்தக் கணக்கிற்குள் அடங்குகிறது என்பதையும் அதே சூத்திரம் காட்டிற்று. முடியாது என்று உலகம் சொன்னதை முடியும் என்று காட்டியது கணக்கு.

1903-ஆம் ஆண்டு அவர் இதையெல்லாம் கட்டுரையாக எழுதி ஓர் அறிவியல் இதழில் வெளியிட்டார். திரவ நிலையிலுள்ள ஐட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிபொருளாகப் பயன்படுத்தலாம் என்றும் அதில் சொன்னார். உலகம் கவனிக்கவில்லை. அவ்விதழின் ஆசிரியர் அதே ஆண்டில் மறைந்தார். இதழும் நின்றது. கட்டுரையின் தொடர்ச்சி 1911-இல்தான் வெளிவரத் தொடங்கிற்று. இதற்கிடையில் 1908-இல் ஆறு பெருகி வீட்டுக்குள் புகுந்து அவருடைய தாள்களைப் பாழாக்கியது. தம் செலவிலேயே சிறு நூல்களை அச்சிட்டு ஆர்வமுடையோருக்கு அனுப்பிவந்தார். 1929-இல், ஒரு ராக்கெட்டின்மேல் இன்னொரு ராக்கெட்டைத் தொடராக அமைத்து, எரிந்து முடிந்ததைக் கழற்றிவிட்டு மேலே செல்லும் முறையை விளக்கி எழுதினார்.

நேயர்களே, நம் மாணவன் வரைந்த படமும் அதுதானே! ராக்கெட்டின் மூக்கின்மேல் ராக்கெட். அதைக் கண்டா நாம் சிரித்தோம் என்று இதைப் படித்தபோது வெட்கப்பட்டோம்.

சியோல்கோவ்ஸ்கி 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், தம் 78-ஆம் பிறந்த நாள் கழிந்த இரண்டாம் நாள் காலமானார். 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைத் துணைக்கோள் ஏவப்பட்டது. 1961 ஏப்ரல் 12-இல் யூரி ககாரின் விண்ணில் பறந்த முதல் மனிதரானார். இரண்டு மாதங்களுக்குப் பின் அவரே கலூகாவுக்கு வந்து, அந்த ஆசிரியரின் பெயரால் அமையவிருந்த விண்வெளி அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

இத்துடன் கதையை முடித்தால் அது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. அது மாணவனின் கேள்விக்கும் நேராகத் தொடர்புடையது. அதைப் புரிந்துகொள்ள, இன்னொரு மனிதரை நாம் சந்திக்க வேண்டும்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் 1900-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராகத் தகுதி பெற்றவர். நிலையான வேலை கிடைக்காமல் திண்டாடி, 1902-இல் புதிய கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1905-இல், 26-ஆம் வயதில், அலுவலக ஊழியராக இருந்தபடியே ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்டவோ தாண்டவோ முடியாது என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவுகளுள் ஒன்று.

மாணவனின் கணக்கிற்கு அதில்தான் விடை இருந்தது. லாரி மணிக்கு 50 மைல் வேகத்தில் போகும்போது அதிலிருந்து ஒரு பந்தை முன்னோக்கி 20 மைல் வேகத்தில் வீசினால், சாலையில் நிற்பவனுக்கு அந்தப் பந்து 70 மைல் வேகத்தில் போவதாகத் தெரியும். சாதாரண வேகங்களுக்கு இந்தக் கூட்டல் போதும். ஆனால் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க இந்தக் கூட்டல் பொருந்தாது. பாதி வேகமும் பாதி வேகமும் சேர்ந்தால் முழு வேகம் ஆவதில்லை. ஐந்தில் நான்கு பங்குதான் ஆகும். முக்காலும் முக்காலும் சேர்ந்தால் ஒன்றரை ஆவதில்லை. நூற்றில் 96 பங்கே ஆகும். எத்தனை ராக்கெட்டுகளை அடுக்கினாலும் ஒளியின் வேகத்தை நெருங்கலாமேயன்றி எட்ட முடியாது.

இது வெறும் தாளில் எழுதிய கணக்கா? இல்லை. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெர்ட்டோசி என்ற அறிஞர் மின்னணுத் துகள்களை விரட்டிவிட்டு அவற்றின் வேகத்தை அளந்தார். துகள்களுக்குக் கொடுத்த ஆற்றலை 30 மடங்கு உயர்த்தினார். பழைய கணக்கின்படி வேகம் ஐந்து மடங்குக்கு மேல் கூடியிருக்க வேண்டும். ஆனால் ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்காக இருந்த வேகம் நூறை ஒட்டி வந்து நின்றுவிட்டது. ஆற்றல் சேர்ந்துகொண்டே போயிற்று. வேகமோ எல்லையைத் தாண்டவில்லை.

இனி கலூகா ஆசிரியரிடம் திரும்புவோம். ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சியோல்கோவ்ஸ்கி ஏற்கவில்லை. தம் வாழ்வின் கடைசி ஆண்டான 1935-இல் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதை, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்ற கூற்றோடு ஒப்பிட்டு ஒதுக்கித் தள்ளினார். விண்வெளிக்கு எல்லையிடும் எந்தக் கொள்கையும் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. மனிதன் விண்மீன்கள் எங்கும் பரவவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. அந்தக் கனவின் குறுக்கே ஒரு சூத்திரம் நின்றபோது, அவர் சூத்திரத்தை ஆராயாமல் கனவின் பக்கம் நின்றுவிட்டார்.

மாஸ்கோ வீதியில் விடியும்வரை நடந்து தம் தவற்றைத் தாமே கண்டுபிடித்த அதே மனிதர்தான் இவரும். இளமையில், "என் ஆசை பொய்த்தாலும் சரி, கணக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார். அப்போது வென்றார். முதுமையில், "கணக்கு என் ஆசைக்கு ஒத்துவரவில்லையே" என்று எண்ணினார். அப்போது தவறினார். அவரைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 77. நோயுற்றிருந்தார். மேலும், பெர்ட்டோசியின் சோதனை போன்ற நேர்ச்சான்று அன்று அவர் கண்முன் இல்லை. எத்தனை பெரியவரானாலும் இந்தச் சோதனையில் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேறவேண்டும் என்பதை உணரவே சொல்கிறோம்.

பெரிய அறிவியல் நிலையங்களும் இந்தச் சோதனைக்கு ஆளாகின்றன. 2011 செப்டம்பரில் ஐரோப்பாவில் ஒரு பரபரப்பான செய்தி வெளிவந்தது. ஜெனீவா அருகிலிருந்து பூமிக்குள்ளாகவே 730 கிலோமீட்டர் கடந்து இத்தாலிக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிடச் சற்று முந்தி வந்துவிட்டதாக அளவைகள் காட்டின. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 60 பங்கு நேரம்தான் முந்தியது. ஆனால் உண்மையானால் ஐன்ஸ்டீனின் கொள்கையே ஆட்டங்கண்டுவிடும்.

அந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? "ஐன்ஸ்டீனை வென்றுவிட்டோம்" என்று முழங்கவில்லை. தங்கள் அளவைகளை உலகத்தின் முன் வைத்து, இதில் தவறு இருந்தால் கண்டுபிடிக்க உதவுங்கள் என்று கேட்டார்கள். மறு ஆண்டு தவறு வெளிப்பட்டது. கடிகாரத்தோடு இணைந்த ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் தளர்ந்திருந்தது முக்கியக் காரணம். மீண்டும் அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை. ஒரு தளர்ந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அறிவியலில் ஒரு பெரும் பணியே.

ஆனால் ஒளியை முந்தும் ஆசை அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. 1994-ஆம் ஆண்டிலேயே மிகுவேல் அல்குபியெர் என்ற மெக்சிகோ நாட்டு அறிஞர் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்குள்ளேயே ஒரு வழியைக் காட்டியிருந்தார். கலம் வெளியைக் கடந்து ஓடவேண்டியதில்லை. கலத்தின் முன்னுள்ள வெளியைச் சுருக்கி, பின்னுள்ள வெளியை விரித்தால் போதும் என்றார். அதற்குச் சாதாரணப் பொருளுக்கு நேர்மாறான, எதிர்க்குறியுள்ள ஆற்றல் பெரும் அளவில் வேண்டும். அத்தகைய ஆற்றலை அந்த அளவில் பெறும் வழி எவருக்கும் தெரியாது. இத்தகைய விசித்திரப் பொருள் தேவைப்படும் என்பதை அவரே தம் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினார். ஆசையையும் அதன் விலையையும் ஒரே தாளில் எழுதும் நேர்மையை நாம் அங்கே காண்கிறோம்.

நேயர்களே, தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் எழுந்து, மழைக்கு அஞ்சி, மரத்துக்கு மரம் ஓடிச் சேர்த்த பால் நம் கண்ணுக்கு அதிகமாகத்தான் தெரியும். தராசு வேறொன்று சொல்லும். தராசு சரியாக இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கவும் வேண்டும். ஆனால் சரியான தராசு சொல்வதை ஏற்காவிட்டால் நாளைய வேலைக்குத் திட்டமிட முடியாது. அறிவியலிலும் அவ்வாறே. பட்டம் பெற்றவரா, பெறாதவரா என்று தராசு பார்ப்பதில்லை. கலூகாவின் காது கேளாத ஆசிரியரையும் அது ஏற்றது. அவரே தவறியபோது அதையும் காட்டிற்று.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் பயிற்சிப் புத்தகத்தில் எதையோ வரைந்து கொண்டுவந்து, "இதுல ஏறி விண்மீனுக்குப் போகலாம்" என்று சொன்னால், நாம் செய்த தவற்றை நீங்கள் செய்யவேண்டாம். சிரிக்கவேண்டாம். "என் பிள்ளை ஐன்ஸ்டீனை மிஞ்சிவிட்டான்" என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டும் பிள்ளைக்குத் தீங்கே. இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். "இது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பது ஒன்று. "தப்பா இருந்தா அதை எப்படிக் கண்டுபிடிப்பே?" என்பது மற்றொன்று. இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. விடை தெரியாவிட்டால் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆசிரியருக்கும் தெரியாவிட்டால், நூலகத்துக்குச் சேர்ந்தே போவோம். சியோல்கோவ்ஸ்கிக்கு அந்த நூலகத்தைத் தவிர வேறு ஆசிரியர் வாய்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாமும் இருக்கிறோம்.

படம் வரைந்த அந்த மாணவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, அவன் குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது. இந்த உரை எங்கிருந்தாவது அவன் காதில் விழுமானால், அவனுக்கு ஒரு சொல்: தம்பி, உன் கூட்டல் ஒளிக்குப் பொருந்தாது. பாதியும் பாதியும் சேர்ந்தால் ஐந்தில் நான்கு. ஆனால் உன் படம் சரியான படம். அதைப் பார்த்து நாம் சிரித்தது தவறு.